சாமுராய் மனைவியின் குரல்

அவள் அழவில்லை. எத்தனை முறை படத்தை ஓட்டிக் காட்டினாலும் அழவில்லை. புருஷன் சாகப் போகிறான், தன் கையாலேயே வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகப் போகிறான், அது தெரிந்த பெண் முட்டி போட்டு உட்கார்ந்து அவனுடைய வெள்ளை உடுப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருக்கிறாள். ஒரு சுருக்கத்தை நீவுகிறாள், இன்னொன்றை நீவுகிறாள், பிறகு நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள், உதடு கொஞ்சமாக அசைகிறது, அவ்வளவுதான், அவன் எழுந்துவிடுகிறான், கதவு பக்கவாட்டில் நகர்கிறது, வெளியே தோட்டத்தில் நல்ல வெயில். அந்தக் கொஞ்ச அசைவில் நான் ஒரு முழு வசனத்தை ஆரம்பித்து, அவள் முதுகு தெரிகிற இடத்தில் அதை முடித்து, முடித்த கையோடு வெடித்து அழ வேண்டும். முதுகு தெரிகிற இடத்தில் என்ன வேண்டுமானாலும் பேசவைக்கலாம், டப்பிங்கில் முதுகு ஒரு வரம். இந்த டப்பிங் தியேட்டரில் நல்ல இருட்டு, ஏசி எலும்பு வரைக்கும் குளிர்கிறது, மைக்குக்கு முன்னால் கறுப்பு வலை தொங்குகிறது, என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்கிறது. கையில் வசனத் தாள். தாள் சரசரத்தால் மைக் பிடித்துவிடும், அதனால் அசையாமல் பிடித்திருக்கிறேன், பிடித்திருக்கிற கட்டைவிரல் மரத்துப் போகிறது. போன் வெளியே பையில் இருக்கிறது. உள்ளே கொண்டுவரக் கூடாது. இந்நேரம் என் மகள் எழில்நங்கை கூட்டத்துக்குக் கிளம்பியிருப்பாள். வெள்ளைச் சுடிதார், கறுப்பு துப்பட்டா, காலையிலேயே இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தாள், ஒரு சுருக்கம் இல்லாமல்.

“வேதாம்மா, போலாமா?” ஹெட்போனில் கிருபாகரன் சார். இந்தச் சாமுராய் படத்தின் தமிழ்ப் பதிப்பு மொத்தமும் அவர் பொறுப்பு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எங்களையெல்லாம் பேசவைப்பவர். “ஒரிஜினல் ஒரு தடவ கேட்டுக்கறேன் சார்.” “இப்பத்தானேம்மா கேட்டீங்க?” “இன்னொரு தடவ.” ஒலிப்பதிவாளர் ஷபீர் பின்னால் ஓட்டுகிறான், மனிதர்கள் பின்பக்கமாக நடந்து அறைக்குள் வருகிறார்கள், செத்தவன் எழுந்து உட்கார்கிறான், வெள்ளைத் துணியில் இருந்த சிவப்பு உள்ளே போய்விடுகிறது, கதவு மூடுகிறது, அவள் மறுபடி நீவுகிறாள். இப்படி ஓட்ட முடிந்தால். இப்படி ஓட்டி எங்கே நிறுத்துவேன்? அம்பத்தூர் வீட்டு வாசலில் நிறுத்துவேன். இல்லை, அதற்கும் முன்னால், கட்சி மாவட்டச் செயலாளர் வீட்டில் என் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்த இடத்தில். இல்லை, இன்னும் முன்னால். எங்கே நிறுத்தினாலும் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. வேண்டாம். இப்போது அதை நினைக்கக் கூடாது, நினைத்தால் தொண்டை இறுகும், இறுகினால் அழுகை பொய்யாகக் கேட்கும். நிஜ அழுகை மைக்கில் பொய்யாகத்தான் கேட்கும். இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான்.

எனக்கு ஸ்டுடியோக்களில் பேர் ‘அழுகை வேதவல்லி’. சீரியலில் கதாநாயகி பேசுவது ஒருத்தியாக இருக்கும், அவள் அழும் இடம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். மாமியார் துரத்தின அழுகை வேறு, பிள்ளை தொலைந்த அழுகை வேறு, தாலி அறுந்த அழுகை வேறு. தொப்புளுக்குக் கீழே மூச்சைப் பிடித்து, பாதி மூச்சை விட்டு, மீதியை உடைக்க வேண்டும். கண்ணில் ஒரு சொட்டு வராது. வந்தால் மூக்கு அடைக்கும், டேக் கெட்டுப்போகும். இதை வீட்டில் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னேன், எழில்நங்கைக்கு அப்போது பன்னிரண்டு பதிமூன்று இருக்கும், அவளும் சிரித்தாள். இன்றைக்குக் காலையில் அவள் அதை ஞாபகம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். “காசு குடுத்தா யார் வீட்டுச் சாவுக்கும் அழுவ. அப்பாவுக்கு ஒரு சொட்டு அழுது நான் பார்த்ததே இல்ல.” கண்ணாடி முன்னால் நின்றபடி, என்னைத் திரும்பிப் பார்க்காமல், கண்ணாடிக்குள் இருக்கிற என்னைப் பார்த்து. நான் தோசைக்கரண்டியோடு நின்றேன். தோசை கருகியது. கருகிய வாசனை வந்ததும் வழக்கம்போல என் கை தானாக அடுப்பை அணைத்தது, ஜன்னலைத் திறந்தது, மின்விசிறியைப் போட்டது. பன்னிரண்டு வருஷமாக என் வீட்டில் எதுவும் கருகக் கூடாது. அவள் அதையும் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இந்தச் சாமுராய் ஏன் சாகிறான் என்று காலையில் டீ குடிக்கும்போது கிருபாகரன் சார் சொன்னார். அவனுடைய பிரபு, மலையில் ஒளிந்திருந்த விவசாயிகளிடம் இவனைத் தூது அனுப்புகிறார். இறங்கி வாருங்கள், உயிருக்கு நான் பொறுப்பு என்கிறார். இவன் போய்ச் சொல்கிறான், இவன் முகத்தை நம்பி அவர்கள் இறங்கி வருகிறார்கள், பிரபு அத்தனை பேரையும் வெட்டிவிடுகிறார். பிரபுவை எதிர்த்து வாளெடுப்பது இவன் தர்மத்தில் இல்லை, பேசாமல் இருப்பதும் இல்லை. அதனால் அவருடைய வாசலில் போய் உட்கார்ந்து செத்துக் காட்டுகிறான். “இத நாம தற்கொலைன்னு பார்க்கக் கூடாதும்மா,” என்றார் சார், “அவங்களுக்கு இது தவம் மாதிரி. வயித்துலதான் மனசாட்சி இருக்குன்னு நம்பினவங்க. உள்ள அழுக்கு இல்ல பாருன்னு திறந்து காட்டுறான்.” நான் தலையாட்டினேன். சார் நல்லவர், நிறையப் படித்தவர், படத்தைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் கண் கலங்குகிறது. என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று அவருக்குத் தெரியாது. ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது. தவறிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். ஹார்ட்டா என்பார்கள். ஆமாம் என்பேன். ஒருவிதத்தில் ஆமாம்தான்.

தணிகாசலம். லேத் பட்டறையில் வேலை, கட்சியில் கிளைச் செயலாளர். கோபமே வராத மனுஷர், ஆட்டோக்காரர் அதிகம் கேட்டால்கூடக் கொடுத்துவிட்டு வருவார். தலைவர் என்று வந்துவிட்டால் மட்டும் வேறு ஆள். கல்யாணமான புதிதில் என் சித்தி ஊருக்குப் போயிருந்தோம், அங்கே கோயிலுக்கு வெளியே, வேலி ஓரத்தில் ஒரு கல். ஒரு கையால் தன் குடுமியைத் தானே பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தன் கழுத்தில் தானே வாளை வைத்திருக்கிற ஒருவனின் சிலை. ராஜா ஜெயிக்க வேண்டும் என்று காளிக்குத் தலையைக் கொடுத்தவனாம், யாரோ மஞ்சள் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு வெயில் தாங்கவில்லை, வாங்க போலாம் என்றேன். அவர் நின்றார். “மொகத்தப் பாரு வேதா,” என்றார், “சிரிக்கறான்.” நான் பார்த்தேன். கல் தேய்ந்து போயிருந்தது, முகமே இல்லை. உங்களுக்கு எங்கே தெரிகிறது சிரிப்பு என்று கேட்டேன். கேட்டேனா? கேட்ட மாதிரிதான் ஞாபகம். அந்தக் கல்லுக்கு ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாளே, அவளை யாராவது எங்காவது செதுக்கி வைத்திருக்கிறார்களா என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை, அப்போது தாகம்தான். தலைவர் கைதான மூன்றாம் நாள் காலையில் இவர் வீட்டைவிட்டுப் போனார். கடைத்தெருவில், பட்டப்பகலில். கட்சி சுவரொட்டியில் ‘தழல் ஈகி’ என்று போட்டது, தீக்குளித்தவருக்கு அவர்கள் வைக்கிற பேர். தலைவர் ஜாமீனில் வந்தார். பிறகு யார் கைது செய்தார்களோ அவர்களோடு கூட்டணி வைத்தார், ஒரே மேடையில் சால்வை மாற்றிக்கொண்டார்கள். நான் டீவியை அணைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

“வேதாம்மா.” “ரெடி சார்.” சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் அவள் நீவுகிறாள். நான் மூச்சைக் கீழே இறக்குகிறேன். நிமிர்கிறாள். “உங்கள் மானம்தான் எனக்கு மாங்கல்யம்,” என்கிறேன், உதடு அதோடு மூடிக்கொள்கிறது, முதுகு வந்துவிட்டது, “தலை நிமிர்ந்து போங்கள், எனக்கு அது பெருமை,” என்கிறேன், பிறகு உடைக்கிறேன், பாதி மூச்சு, கால் மூச்சு, விக்கல், நீண்ட ஒன்று, அது கதவு மூடுகிற சத்தத்தின் மேல் போய் ஏறுகிறது, தோட்டத்து வெயில் வரைக்கும் போகிறது. விளக்கு அணைகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறார். “பிரமாதம்மா. விநியோகஸ்தர் இத டிரைலர்லயே வைப்பார் பாருங்க.” “ஷபீர், ஒரு தடவ போட்டுக் காட்டுப்பா,” என்கிறேன். அவன் போடுகிறான். நான் கேட்கிறேன். தலை நிமிர்ந்து போங்கள், எனக்கு அது பெருமை. என் குரல்தான். சுத்தமாக இருக்கிறது, ஒரு பிசிறு இல்லை. ஏசி குளிரில் எனக்கு முதுகு வேர்க்கிறது.

ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த வரி. அச்சில் பார்த்த வரி. ஆஸ்பத்திரி வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு பத்திரிகைக்காரர் என் முன்னால் குத்துக்காலிட்டு, என்னம்மா சொல்ல விரும்பறீங்க என்று கேட்டார். பக்கத்தில் கட்சிக்காரர்கள் நின்றார்கள். நான் வாயே திறக்கவில்லை. அவர் சட்டையில் பேனா மை கசிந்து நீலமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது பரவுமா நின்றுவிடுமா என்று. அடுத்த நாள் கட்சிப் பத்திரிகையில் என் படம், படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்: ‘தலை நிமிர்ந்து போனார், எனக்குப் பெருமை.’ யார் எழுதினார்களோ. வசனம் எழுதுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். இந்தப் படத்துக்கு எழுதினவருக்கு அது தெரிந்திருக்கவே முடியாது, அவர் சின்ன வயசுக்காரர், அவருக்கும் அதே வரிதான் வந்திருக்கிறது. புருஷன் சாகப் போனால் பெண்டாட்டி வாயிலிருந்து இதுதான் வரும் என்று எல்லோருக்கும் எங்கிருந்தோ தெரிந்திருக்கிறது. நான் வட்டச் செயலாளரிடம் போய்ச் சொன்னேன், அண்ணே, நான் அப்படிச் சொல்லல, உள்ள அவரும் அப்படிச் சொல்லல, அவரு காப்பாத்தச் சொல்லிக் கேட்டாரு, டாக்டர் கையப் பிடிச்சுக் கேட்டாரு. அவர் என்னைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “அதெல்லாம் இப்பப் பேசாதீங்கம்மா. அவரு பேரு இருக்குல்ல. பாப்பா நாளைக்குத் தலை நிமிர்ந்து நடக்கணும்ல.” பாப்பாவுக்கு அப்போது ஆறு வயசு. பாப்பா தலை நிமிர்ந்துதான் நடக்கிறாள். சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், அப்பாவின் படத்தை மேசையில் வைத்து அதற்கு முன்னால் உட்கார்ந்து படிக்கிறாள். அவளுக்கு அப்பா இல்லாமல் வளர்ந்தோம் என்பது ஒரு குறையாகவே இல்லை, மற்ற பிள்ளைகளுக்கு இருப்பதைவிடப் பெரிய அப்பா அவளுக்கு இருந்தார். அதை நான் எப்படி எடுப்பேன்? எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னத்தை வைப்பேன்?

இன்றைக்குச் சாயங்காலம் அம்பத்தூரில் நினைவேந்தல் கூட்டம், முதல்முறையாக அவளை மேடையில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கண்ணாடி முன்னால் அவள் ஒத்திகை பார்த்தது அதைத்தான். நல்ல குரல் அவளுக்கு, என்னுடையது, அடியிலிருந்து வருகிறது. ‘என் அம்மா அன்றே சொன்னார், தலை நிமிர்ந்து போனார், எனக்குப் பெருமை என்று. அந்தத் தாயின் வயிற்றில் பிறந்தவள் நான். தேவைப்பட்டால்…’ அந்தத் தேவைப்பட்டாலுக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அவள் அந்தச் சொட்டுக் கண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். தேவைப்பட்டால் என்ன? மேடையில் எல்லோரும் சொல்வதுதான், கை தட்டுவார்கள், இறங்கி வருவாள், பரோட்டா வாங்கித் தருவார்கள், வீட்டுக்கு வருவாள். அப்படித்தான் அவரும் இருபது வருஷம் மேடையில் சொன்னார், இறங்கி வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். ஒருநாள் வரவில்லை.

“என்னம்மா, நின்னுட்டீங்க? அடுத்த சீன் போலாமா?” திரை உறைந்து நிற்கிறது, அவள் நிமிர்ந்த முகத்தோடு. அவளுக்கு என்னைவிட வயது குறைவு. உதட்டோரத்தில் ஒரு சின்ன இறுக்கம். அது பக்தியா, கோபமா, எனக்குத் தெரியவில்லை, ஒரிஜினலில் கேட்டுக் கேட்டுப் பார்த்தும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. “சார், இங்க அவ சொல்ற வார்த்தை, மொதல் சீன்லயும் சொல்றாளே? அவன் கோட்டைக்கு வேலைக்குப் போவான்ல, வாசல்ல நின்னு சொல்வாளே. அதே சத்தம்தானே இது?” ஹெட்போனில் தாள் புரட்டுகிற சத்தம். “ஆமாம்மா. அதே வார்த்தைதான்.” “அங்க நான் ‘போயிட்டு வாங்க’ன்னு பேசினேன்.” “ஆமா. அவங்க ஊர்ல தினம் சொல்றது. ஆபீஸ் போறவர்கிட்ட, ஸ்கூல் போற பிள்ளைகிட்ட. நம்மளது மாதிரியேதான், போன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க, வான்னும் சேர்த்துச் சொல்லுவாங்க.” “அப்ப இங்க ஏன் சார் மாத்தினோம்?” அவர் மைக்கை மூடிவிட்டுத் திறந்த சத்தம். “எழுதினவர் மொதல்ல அப்படித்தாம்மா எழுதியிருந்தார். நான்தான் மாத்தச் சொன்னேன். விநியோகஸ்தர் பார்த்துட்டு, சாகப் போறவன்கிட்ட கடைக்குப் போறவன்கிட்ட சொல்ற மாதிரி சொல்றாளே, ஜனம் சிரிச்சிடும்யான்னார். அவர் சொல்றதும் தப்புன்னு சொல்ல முடியல. ஜப்பான்காரன் அந்த மௌனத்துல உட்காருவான். நம்ம ஆளுக்கு அழுதாத்தான் சாவு. நாம சாவுக்கு அழற ஊரும்மா.”

நாம சாவுக்கு அழுகிற ஊர்தான். மார்பில் அடித்துக்கொண்டு, மண்ணில் புரண்டு, யாரைத் திட்டவேண்டுமோ பேர் சொல்லித் திட்டி அழுகிற ஊர். ஆனால் எனக்கு அன்றைக்கு அழ அனுமதி இல்லை. இறுதி ஊர்வலத்தில் கொடி, முழக்கம், வீரவணக்கம் வீரவணக்கம். என் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தபோது ஒருவர் வந்து, பாட்டி, இது அழற சாவு இல்ல, என்று மென்மையாகக் கையைப் பிடித்துத் தடுத்தார். அதோடு எனக்கும் நின்றுபோனது, எங்கே நின்றதோ அங்கேயே கெட்டியாகிவிட்டது. ஜப்பான்காரியின் மௌனம் அவள் ஊர் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. என் மௌனத்தைக் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து என் வாயில் வைத்தார்கள். படத்தில் எல்லாமே எவ்வளவு சுத்தம். வெள்ளைப் பாய், வெள்ளைத் துணி, ஒரு கவிதை எழுதுகிறான், தண்ணீர் குடிக்கிறான். பின்னால் அவனுடைய சிநேகிதன் வாளோடு நிற்கிறான். எதற்கு என்று சாரைக் கேட்டேன். வலி நீளக் கூடாதும்மா, இவன் குத்தினதும் அவன் தலையை வெட்டிடணும், அது பெரிய நட்பு என்றார். அந்தப் பிரபு எப்படிப்பட்டவனாக இருந்தாலும் அந்தச் சிநேகிதன் கை நடுங்குகிறது, கண்ணை மூடாமல் பார்க்கிறான். கடைத்தெருவில் இவருக்குப் பின்னால் நின்ற சிநேகிதர்கள் போனில் படம் எடுத்தார்கள். அதில் ஒருவர் முழக்கம் போட்டது அந்த வீடியோவில் கேட்குமாம். நான் பார்த்ததில்லை. இருக்கிறது என்று தெரியும். எழில்நங்கையின் போனில் இருக்குமோ? இதை இதுவரை நான் நினைத்ததே இல்லை. இருக்கும். கண்டிப்பாக இருக்கும். பதினெட்டு வயசுப் பெண், தேடினால் கிடைக்கிற உலகம். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்திருப்பாளா? சத்தத்தோடு பார்த்திருந்தால் அவர் கத்தினது கேட்டிருக்குமே. முழக்கத்தில் அமுங்கியிருக்கும். அதுதான் முழக்கம்.

“சார், ஒரே ஒரு டேக். அவ சொன்னத மட்டும் சொல்றேன். அழுகை இல்லாம.” “வேதாம்மா…” “இது இருக்கட்டும், இத அழிக்க வேணாம். என் திருப்திக்கு ஒண்ணு.” அவர் பெருமூச்சு விடுவது கேட்கிறது. அவருக்கும் அது வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. “சரி, போலாம். ஷபீர், தனி டிராக்ல எடு.” சிவப்பு விளக்கு. நீவுகிறாள். நிமிர்கிறாள். “போயிட்டு வாங்க,” என்கிறேன், உடனே தெரிகிறது, மோசம், சீரியல், ஒவ்வொரு எழுத்திலும் சோகத்தைத் தடவி வைத்திருக்கிறேன். “இன்னொண்ணு சார்.” நீவுகிறாள். நிமிர்கிறாள். “போயிட்டு வாங்க.” இந்தமுறை கல் மாதிரி விழுகிறது. எப்படிச் சொல்வது? தினம் எப்படிச் சொன்னேன்? அன்றைக்கு எப்படிச் சொன்னேன்? சொன்னேனா? குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, எழில்நங்கைக்கு ஜடை போட்டுக்கொண்டிருந்தேன், ரிப்பன் என் பல்லில் இருந்தது, அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என்னமோ சொன்னார், நான் திரும்பவில்லை, ரிப்பனைப் பல்லில் கடித்தபடி ‘ம்’ என்றேன். ரிப்பனோடு. திரையில் இருக்கிறவளுக்கு அவன் சாகப் போவது தெரியும், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் வெள்ளைத் துணியை நீவியிருக்க மாட்டேன். காலைக் கட்டிக்கொண்டு தெருவைக் கூட்டியிருப்பேன், கட்சியையும் தலைவரையும் அந்தக் கல்லையும் சேர்த்துத் திட்டியிருப்பேன், மானமாவது மண்ணாவது, உள்ள வாங்க, புள்ளைக்கு ஜடை போடுங்க என்றிருப்பேன். விளக்கு எரிகிறது. அவள் நிமிர்ந்துவிட்டாள். “போயிட்டு வாங்க,” என்கிறேன், அதில் சோகம் இல்லை, பெருமை இல்லை, வந்துவிடு என்பதுதான் இருக்கிறது, நிஜமாகவே வந்துவிடு என்பது, அவளுடைய உதடு என் குரலோடு சேர்ந்து மூடுகிறது, முதுகு வருகிறது, நான் ஒன்றும் செய்யவில்லை, கதவு நகரும் சத்தம், தோட்டத்தில் ஒரு பறவை. அந்தப் பறவை இதுவரை என் அழுகைக்கு அடியில் இருந்திருக்கிறது, கேட்டதே இல்லை.

விளக்கு அணைகிறது. பிறகு சார், மெதுவாக, “வெச்சுக்கறேம்மா. ரெண்டையும் போட்டுக் காட்டறேன். எது போகும்கறது என் கையில இல்ல,” என்றார். “தெரியும் சார்.” “பத்து நிமிஷம் டீ குடிச்சிட்டு வாங்க. கண்ணு என்னவோ மாதிரி இருக்கு.” நான் தாளை மேசையில் வைத்தேன், சரசரத்தது. கனமான கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பையிலிருந்து போனை எடுத்தேன். எழில்நங்கையின் தவறிய அழைப்பு ஏதும் இல்லை. ஆறு மணி ஆகப்போகிறது. கூப்பிடாதே, அவள் மனசைக் கலைக்காதே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு குரல், அது வட்டச் செயலாளரின் குரல், எனக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு என் குரலில் பேசுகிறது. அதை மீறிக் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது. எடுக்கவில்லை. எடுக்காமல் போய்விடட்டும் என்று நினைத்தேன், அந்த நினைப்புக்கே உடம்பு கூசியது. மறுபடி அடித்தேன்.

“என்னம்மா? மேடைக்குப் பின்னாடி நிக்கறேன். அடுத்தது நான்தான்.” பின்னால் ஒலிபெருக்கி, யாரோ மைக்கைத் தட்டுகிறார்கள், ஹலோ, ஹலோ.

“நங்கை, அந்த வரியப் படிக்காத.”

“எந்த வரி?”

“நான் சொன்னதா போட்டிருக்காங்களே, பெருமைன்னு. நான் அதச் சொல்லல.”

“அம்மா, பேப்பர்ல வந்திருக்கு. இப்ப எதுக்கு இத…”

“அன்னைக்கு நான் வாயே திறக்கல. அவங்களா எழுதிக்கிட்டாங்க. போய்ச் சொன்னேன், யாரும் கேக்கல. அப்புறம் உங்கிட்டயும் சொல்லாம விட்டுட்டேன். நீ சின்னப் பொண்ணு.”

இரைச்சலுக்கு நடுவில் அவள் நடக்கிற சத்தம், எதையோ தாண்டி, கூட்டத்திலிருந்து விலகி. ஒலிபெருக்கி கொஞ்சம் தூரமானது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். பொறாமை என்பாள், அப்பாவின் பேரைக் கெடுக்கிறேன் என்பாள், வைத்துவிடுவாள். டீக்காரர் தட்டோடு என்னைக் கடந்து போனார், ஒரு கிளாஸை நீட்டினார், நான் தலையசைத்தேன், வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று எனக்கே தெரியவில்லை.

“அப்பா?” என்றாள். குரல் மாறியிருந்தது. “அப்பா பேசினாரா? உள்ள?”

“பேசினார்.”

“என்ன பேசினார்?”

“பாப்பா ஸ்கூலுக்குப் போச்சான்னு கேட்டார். உள்ள கூட்டிட்டு வந்துடாத, என்னப் பார்த்தா பயந்துக்கும்னார். அப்புறம் வீட்டுக்குப் போலாம் வேதான்னார். அதையேதான் சொல்லிட்டு இருந்தார். வீட்டுக்குப் போலாம்னு.”

அவளுடைய மூச்சு எனக்குக் கேட்டது. எத்தனையோ பேருக்காக எத்தனையோ மூச்சை உடைத்திருக்கிறேன், இது எந்த வகையிலும் சேராத மூச்சு. தூரத்தில் யாரோ அவளை அறிவிக்கிறார்கள், தழல் ஈகியின் வீர மகள் என்று, கை தட்டல் எழுகிறது, அவள் பேரை ஒருமுறை கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கூப்பிடுகிறார்கள்.

“வலிச்சுதாம்மா அவருக்கு?”

பன்னிரண்டு வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. கட்சிக்காரர்கள் கேட்கவில்லை, பத்திரிகைக்காரர் கேட்கவில்லை, ஆண்டுதோறும் மாலை போடுகிறவர்கள் கேட்கவில்லை. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பகல் வெயிலில் காய்ந்த சுவர் இன்னும் சுட்டது.

“ஆமா கண்ணு. ரொம்ப வலிச்சுது.”

மறுபடியும் அவள் பேர் ஒலிபெருக்கியில், இந்த முறை கொஞ்சம் அவசரமாக. யாரோ பக்கத்தில் வந்து, தங்கச்சி, கூப்பிடறாங்க என்கிறார்கள். இருங்க என்று அவள் சொல்வது கேட்டது. போனை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டாள் போல, இரைச்சல் அடங்கி அவள் மட்டும் தெரிந்தாள்.

“சொல்லும்மா,” என்றாள். “நான் எங்கயும் போகல. மொத்தமாச் சொல்லு.”

சொல்ல ஆரம்பித்தேன்.